பரணில் தூங்கும் கணிப்பொறி

உங்கள் வீட்டுப் பரணை ஒரு முறை எட்டிப் பாருங்கள். பழைய மிக்சி, கால் உடைந்த மேசை விசிறி, பொங்கலுக்கு மட்டும் இறங்கும் வெண்கலப் பானை ஆகியவற்றுக்கு நடுவே, கறுப்பு நிறத்தில் ஒரு சப்பைப் பெட்டி கிடக்கிறதா? பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர், தாம்பரம் பக்கத்துத் தெருக்களில் இப்படி ஒரு பெட்டி தூங்கும் வீடுகள் இருக்கவே செய்யும். உங்கள் அண்ணனோ சித்தப்பாவோ பள்ளியில் படித்தபோது அடம்பிடித்து வாங்கியதாக இருக்கலாம். அதன் பெயர் பிளேஸ்டேஷன் 2.

ஜப்பானின் சோனி நிறுவனம் இதை 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளியிட்டது. 2013 ஜனவரியோடு உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. இதற்கிடையில் உலகெங்கும் விற்ற பெட்டிகள் 15 கோடிக்கும் மேல்! வீட்டில் வைத்து விளையாடும் விளையாட்டுப் பெட்டிகளில் இவ்வளவு விற்றது வேறில்லை.

இதை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிவிடாதீர்கள். உள்ளே இருப்பது முழுமையான கணிப்பொறி. அதன் முதன்மைச் செயலி நொடிக்கு ஏறத்தாழ 29 கோடி 50 லட்சம் முறை துடிக்கிறது. 32 எம்.பி. நினைவகம் உண்டு. படம் வரைவதற்கென்று தனிச் சில்லு உண்டு. இவை போதாதென்று, பழைய பிளேஸ்டேஷன் 1-இன் செயலியையே எடுத்து, டிஸ்க்கையும் கைப்பிடியையும் நினைவட்டையையும் கவனித்துக்கொள்ளும் எடுபிடி வேலைக்கு வைத்திருக்கிறார்கள். நேற்றைய ராஜா இன்றைய சேவகன்!

கணிப்பொறி என்றால் நாம் எழுதும் புரோகிராமையும் அது ஓட்ட வேண்டும் அல்லவா? இங்கேதான் சிக்கல். நீங்கள் ஒரு புரோகிராம் எழுதி, டிஸ்க்கில் பதிந்து உள்ளே போட்டால் பெட்டி அதைத் துப்பிவிடும். சோனியின் அனுமதி பெற்ற டிஸ்க்குகளை மட்டும் ஓட்டும்படி அதற்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். காரணம் வியாபாரம். பெட்டியைக் குறைந்த லாபத்துக்குக் கொடுத்துவிட்டு, விற்கும் ஒவ்வொரு விளையாட்டிலும் ஒரு பங்கை வாங்கிக்கொள்வது இந்தத் தொழிலின் வழக்கம்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது? பள்ளி மாறும்போது மாற்றுச் சான்றிதழ் கேட்கிறார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழில் எழுதியிருப்பதைப் புதிய பள்ளியில் முதலில் பார்ப்பதில்லை. தலைமையாசிரியரின் முத்திரையும் கையெழுத்தும் இருக்கின்றனவா என்றுதான் பார்க்கிறார்கள். அதுபோல, அசல் விளையாட்டு டிஸ்க்கில் ஓர் அடையாளம் இருக்கிறது. வீட்டில் உள்ள டிவிடி எழுதும் கருவியால் அந்த அடையாளத்தை எழுத முடியாது. அது இல்லாவிட்டால் பெட்டி டிஸ்க்கை விளையாட்டாகவே ஏற்பதில்லை.

இந்தப் பூட்டைத் தாண்டி, உற்பத்தியாளரின் அனுமதி இல்லாமல் ஆர்வலர்கள் தாங்களே எழுதி ஓட்டும் புரோகிராம்களுக்கு 'ஹோம்ப்ரூ' என்று பெயர். வீட்டில் காய்ச்சியது என்று பொருள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1975-இல் இதே பெயரில் ஒரு கணிப்பொறிக் கழகம் தொடங்கியது. ஸ்டீவ் வாஸ்னியாக் தம் முதல் ஆப்பிள் கணிப்பொறியைக் கொண்டுவந்து காட்டியது அந்தக் கழகத்தில்தான். ஆகவே இது கௌரவமான பெயர்தான். கள்ளச் சாராயத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள்!

சரி, பூட்டை எப்படித் திறந்தார்கள்? சாவி செய்தார்களா? முதலில் சாவியே செய்யவில்லை. சுவரில் ஒரு விரிசலைக் கண்டுபிடித்தார்கள்.

அதைப் புரிந்துகொள்ள ஏரிக்கரைக்குப் போவோம். நம் ஊர்ப்பக்கத்து ஏரிகளில் கலங்கல் என்று ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏரி நிரம்பினால் உபரி நீர் அதன் வழியே ஒழுங்காக வெளியேறி அடுத்த ஏரிக்குப் போகும். கலங்கல் இல்லாத ஏரி நிரம்பினால் என்ன ஆகும்? கரையைத் தாண்டி, பக்கத்தில் எது இருக்கிறதோ அதை மூழ்கடிக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் படகு விட்டதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தனக்கென்று இருந்த இடத்தில் அடங்காத நீர் பிறர் இடத்துக்குள் புகுந்துவிட்டது.

கணிப்பொறியின் நினைவகத்திலும் இப்படி ஏரிகள் உண்டு. வெளியிலிருந்து ஒரு பெயரைப் படிக்க வேண்டும் என்றால், புரோகிராம் எழுதியவர் அதற்கு, உதாரணமாக 16 எழுத்துக்கு இடம் ஒதுக்குவார். வரும் பெயரில் எத்தனை எழுத்து என்று சரிபார்ப்பதுதான் கலங்கல். சரிபார்க்க மறந்துவிட்டால்? 17-ஆவது எழுத்து பக்கத்து இடத்தில் விழும். பக்கத்து இடத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கதையின் முடிச்சு.

செயலி ஒரு வேலையைப் பாதியில் விட்டு வேறு சிறு வேலைக்குப் போகும்போது, "முடித்ததும் இந்த இடத்துக்குத் திரும்பி வா" என்று ஒரு முகவரியை எழுதி வைத்துக்கொள்ளும். இந்தத் திரும்பும் முகவரி பல நேரங்களில் அந்தப் பெயருக்கு ஒதுக்கிய இடத்தின் அருகிலேயே இருக்கும். பெயர் வழிந்தால் முகவரி அழிந்து, அதன்மேல் வழிந்த எழுத்துகள் பதிந்துவிடும். சாதாரணமாக இப்படி நடந்தால் புரோகிராம் தடுமாறி நின்றுபோகும். ஆனால் யாராவது திட்டமிட்டு, வழிந்து விழும் எழுத்துகளே ஒரு புதிய முகவரியாக அமையும்படி பெயரைத் தயாரித்தால்? செயலி அந்த முகவரிக்குப் போய், அங்கே அவர் வைத்திருக்கும் ஆணைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றும். அதற்குச் சந்தேகமே வராது. முகவரியைப் பார்த்துப் போவதுதான் அதன் வேலை.

2003-இல் நடந்தது இதுதான். பிளேஸ்டேஷன் 2-இல் பழைய பிளேஸ்டேஷன் 1 விளையாட்டையும் போடலாம். அப்படிப் போட்டவுடன், அந்த விளையாட்டுக்கென்று ஏதாவது தனிக் குறிப்பு இருக்கிறதா என்று நினைவட்டையில் ஒரு பட்டியல் கோப்பைப் பெட்டி தேடும். அந்தக் கோப்பைப் படிக்கும் பகுதியில் நீளத்தைச் சரிபார்க்க மறந்திருந்தார்கள். அளவுக்கு மீறிய நீளமுள்ள பட்டியல் ஒன்றைத் தயாரித்து நினைவட்டையில் வைத்து, ஏதேனும் ஒரு பழைய விளையாட்டின் அசல் டிஸ்க்கைப் போட்டால் போதும். சோனியின் முத்திரை இல்லாத புரோகிராம் ஓடத் தொடங்கியது. இந்த வழிக்கு 'இண்டிபெண்டன்ஸ்', அதாவது விடுதலை, என்று பெயரிட்டார்கள்.

ஒவ்வொரு முறையும் பழைய டிஸ்க்கைத் தேடி எடுத்துப் போடுவது சலிப்பான வேலை. 2008-இல் இதைவிட நேர்த்தியான வழி வந்தது. பெட்டி விழித்தெழும்போது, தன் தொடக்கப் புரோகிராமுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று நினைவட்டையில் பார்க்கும் வழக்கம் உடையது. சோனியே பிற்காலத் திருத்தங்களுக்காக வைத்த வாசல் அது. வாசலில் காவல் பலமாகத்தான் இருந்தது. 'மேஜிக்கேட்' என்ற சங்கேத முறையில் எழுதிய கோப்புக்குத்தான் அங்கே அனுமதி. அந்த முறைப்படியே கோப்பைத் தயாரிக்க ஆர்வலர்கள் கற்றுக்கொண்டார்கள். இம்முறை உண்மையிலேயே சாவி செய்துவிட்டார்கள் எனலாம். 'ஃப்ரீ மெக்பூட்' என்பது இந்தப் புரோகிராமின் பெயர். 8 எம்.பி. நினைவட்டையில் அதை நிறுவி, பெட்டியில் செருகி, சுவிட்சைப் போட்டால், தொடக்கத் திரையிலேயே நம் புரோகிராம்களின் பட்டியல் வந்து நிற்கும்.

ஒரு செய்தி இங்கே முக்கியம். பெட்டிக்குள் எதுவும் மாறுவதில்லை. அதன் தொடக்கப் புரோகிராம் அழிக்க முடியாத சில்லில் இருக்கிறது. நினைவட்டையை உருவிவிட்டால் பெட்டி பழையபடி சோனி அனுப்பிய பெட்டிதான். ஒரு காலத்தில் கடைத்தெருவில் பெட்டியைத் திறந்து, நுண்ணிய கம்பிகளைப் பற்றவைத்துச் 'சிப்' போட்டார்களே, அந்த வேலையில் கை நழுவினால் பெட்டியே போய்விடும். இதில் அந்த ஆபத்து இல்லை.

ஆனால் கோழியா முட்டையா என்ற கேள்வி ஒன்று வருகிறது. ஃப்ரீ மெக்பூட் கோப்பு ஒவ்வொரு நினைவட்டைக்கும் தனித்தனியாகச் சங்கேதப்படுத்தப்படுகிறது. ஓர் அட்டையில் இருப்பதை அப்படியே இன்னோர் அட்டைக்கு நகலெடுத்தால் பலிக்காது. பிளேஸ்டேஷனிலேயே நிறுவும் புரோகிராமை ஓட்டித்தான் எழுத வேண்டும். நிறுவும் புரோகிராமும் ஹோம்ப்ரூதானே! பூட்டிய பெட்டியில் அதை எப்படி ஓட்டுவது? ஏற்கெனவே நிறுவிய நினைவட்டை வைத்திருக்கும் நண்பரை நாட வேண்டும். இல்லையேல் 2003-ஆம் ஆண்டின் பழைய வழியைப் பிடிக்க வேண்டும். பின்னால் வந்த மெலிந்த மாடல்கள் சிலவற்றில் அந்தப் பழைய வழி அடைபட்டுப்போயிற்று. 90000 என்ற எண்வரிசையின் கடைசிப் பெட்டிகளிலோ நினைவட்டையில் புதிய பதிப்பைத் தேடும் வழக்கத்தையே சோனி எடுத்துவிட்டது. அவற்றில் ஃப்ரீ மெக்பூட் ஓடாது.

முடிச்சு அவிழ்ந்தது 2020 ஜூன் மாதத்தில்! உற்பத்தி நின்று ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, சி.டர்ட் என்ற புனைபெயர் கொண்ட ஓர் ஆராய்ச்சியாளர் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார். பிளேஸ்டேஷன் 2-இல் சினிமா டிவிடியும் பார்க்கலாமே, திருமண வீடியோ டிவிடியைப் போட்டால் பெட்டி துப்புவதில்லையே, ஏன்? விளையாட்டு டிஸ்க்குக்குத்தான் முத்திரைச் சோதனை. படம் பார்க்கும் வாசலில் டிக்கெட் பரிசோதகரே இல்லை! அந்த டிவிடி பிளேயர் புரோகிராமை அவர் ஆராய்ந்தார். படத்தின் அட்டவணைக் கோப்பில் "இவ்வளவு நீளம்" என்று எழுதியிருப்பதை நம்பி, சரிபார்க்காமல் அப்படியே நினைவகத்தில் கொட்டும் இடங்கள் அகப்பட்டன. மீண்டும் கலங்கல் இல்லாத ஏரி! படம்போல் வேடமிட்ட டிஸ்க் ஒன்றைச் சாதாரண டிவிடியில் எழுதிப் போட்டால் ஹோம்ப்ரூ ஓடியது. 'ஃப்ரீ டிவிடி பூட்' என்று பெயர். தொடக்கத் திரையில் முக்கோணப் பொத்தானை அழுத்தினால் உங்கள் பெட்டியில் உள்ள டிவிடி பிளேயரின் பதிப்பு எண் தெரியும். அந்தப் பதிப்புக்கு ஏற்ற கோப்பைத்தான் டிஸ்க்கில் எழுத வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டுத் திறந்து என்ன செய்வது? என் கருத்தில் இரண்டு காரியங்கள் செய்யத் தக்கவை. ஒன்று, நம்மிடம் இருக்கும் விளையாட்டுகளைக் காப்பாற்றுவது.

இந்தப் பெட்டிகளில் முதலில் களைத்துப்போகும் உறுப்பு டிஸ்க்கைப் படிக்கும் லேசர்தான். லேசர் மங்கினால் பெட்டி நன்றாக இருந்தும் பயனில்லை. டிஸ்க்குகளும் கீறல் விழுந்து கெடுகின்றன. போனால் போகட்டும், பழைய விளையாட்டுதானே என்பீர்கள். இந்தப் பெட்டிக்கென்று நம் நாட்டிலேயே உருவான விளையாட்டுகள் உண்டு என்பது தெரியுமா? 2009-இல் ஹைதராபாத்தின் அரோனா டெக்னாலஜீஸ் 'ஹனுமான்: பாய் வாரியர்' விளையாட்டை உருவாக்கியது. அதே நகரின் கேம்சாஸ்திரா நிறுவனம் 'தேசி அட்டா' என்ற விளையாட்டைச் செய்தது. அதில் கிட்டிப்புள்ளும் கபடியும் உண்டு! இந்தியாவில் விளையாட்டுப் பெட்டிகளுக்குப் புரோகிராம் எழுதத் தொடங்கிய முதல் முயற்சிகள் இவை. இத்தகைய டிஸ்க் ஒன்று உங்கள் பரணில் இருந்தால், அது தூசி தட்டி வைக்க வேண்டிய பொருள்தான்.

டிஸ்க்கைக் காப்பாற்றும் முறையில் அழகான கணக்கு ஒன்று இருக்கிறது. வீட்டுக் கணிப்பொறியின் டிவிடி கருவியில் விளையாட்டு டிஸ்க்கை வைத்து அதன் முழு நகலையும் ஒரே கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். அதைப் பென் டிரைவில் ஏற்றி, பெட்டியின் முன்பக்கத்து யு.எஸ்.பி. துளையில் செருகி, 'ஓப்பன் பிஎஸ்2 லோடர்' என்ற ஹோம்ப்ரூ புரோகிராமை ஓட்ட வேண்டும். இப்போது விளையாட்டு ஏமாறுகிறது. எப்படி?

டிஸ்க் முழுவதும் 2,048 பைட் கொண்ட துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. விளையாட்டு எப்போதும் "1,00,000-ஆவது துண்டைக் கொடு" என்பதுபோலத்தான் கேட்கும். அந்தக் கேள்வியைக் கேட்டு டிஸ்க் கருவியை இயக்குவது எடுபிடிச் செயலியில் ஓடும் ஒரு சிறு புரோகிராம். லோடர் அந்தச் சிறு புரோகிராமை எடுத்துவிட்டுத் தன் ஆளை அந்த நாற்காலியில் உட்கார வைக்கிறது. அவர் 1,00,000-ஐ 2,048-ஆல் பெருக்குகிறார். விடை 20,48,00,000. நகல் கோப்பில் அந்த இடத்திலிருந்து 2,048 பைட்டுகளை எடுத்து நீட்டுகிறார். வந்தது லேசர் படித்ததா, பென் டிரைவ் கொடுத்ததா என்பது விளையாட்டுக்குத் தெரியாது.

கோப்பு பென் டிரைவில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தால் இந்த எளிய பெருக்கல் உதவாது. அதனால்தான் காலி டிரைவில் ஒரே மூச்சாக நகலெடுக்கச் சொல்கிறார்கள். இன்னொரு தடையும் உண்டு. ஃபேட்32 என்ற முறையில் அமைத்த டிரைவில், கோப்பின் அளவைக் குறித்து வைக்க 32 பிட்டுகளே இருக்கின்றன. 32 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,29,49,67,295. அதற்கு மேற்பட்ட அளவுள்ள கோப்பை அதில் வைக்கவே முடியாது. முழு டிவிடியின் கொள்ளளவோ சுமார் 470 கோடி பைட்! அதனால் பெரிய விளையாட்டைப் பல கோப்புகளாக வெட்டி வைக்க வேண்டியிருந்தது. லோடரின் புதிய பதிப்புகள் எக்ஸ்ஃபேட் முறையையும் ஏற்பதால் இந்தத் தொல்லை குறைந்துவிட்டது.

வேகத்தில்தான் பென் டிரைவ் தோற்கிறது. பெட்டியில் இருப்பது பழைய யு.எஸ்.பி. 1.1. அதன் உச்ச வேகம் நொடிக்கு 1 கோடியே 20 லட்சம் பிட். 8-ஆல் வகுத்தால் 15 லட்சம் பைட். நடைமுறையில் அதுவும் முழுதாகக் கிடைக்காது. டிவிடி கருவியோ நொடிக்கு 50 லட்சம் பைட்டுக்கு மேல் தரக்கூடியது. ஆகவே பென் டிரைவிலிருந்து ஆடும்போது, இடையே வரும் சினிமாக் காட்சிகள் திக்கித் திணறும். மெலிந்த மாடல்களில் பின்பக்கம் நெட்வொர்க் துளை இருக்கிறது. நொடிக்கு 10 கோடி பிட் வேகம். வீட்டுக் கணிப்பொறியில் நகலை வைத்துக் கம்பி வழியே கொடுத்தால் திணறல் பெரும்பாலும் போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது? இதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 52, ஒரு கணிப்பொறிப் புரோகிராமின் பிரதியை முறைப்படி வைத்திருப்பவர் அது தொலைந்தோ கெட்டோ போகாமல் இருக்கத் தற்காலிகப் பாதுகாப்பாகக் காப்பு நகல் எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. 2012-இல் சேர்த்த 65ஏ என்ற பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு மின்னணுப் பூட்டைத் தாண்டினால் இரண்டு ஆண்டுவரை சிறைத்தண்டனை உண்டு என்கிறது. 'நோக்கத்தோடு' என்ற சொல்லைக் கவனியுங்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கின் நகல் வேறு. யாரோ பென் டிரைவில் நிரப்பிக் கொடுக்கும் நூறு விளையாட்டுகள் வேறு. "இப்போது கடையில் கிடைப்பதே இல்லையே" என்று சிலர் வாதிடுவார்கள். கடையில் கிடைக்காததால் உரிமை காலாவதியாகிவிடாது. ஹைதராபாத்தில் இரவு பகலாக உட்கார்ந்து கிட்டிப்புள்ளைத் திரைக்குக் கொண்டுவந்தவர்களின் உழைப்பும் அதில்தானே இருக்கிறது.

நிறுவும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நினைவட்டையில் எழுதிக்கொண்டிருக்கும் சில நிமிடங்களில் மின்சாரம் போனால் அட்டையில் உள்ளவை சிதைந்துபோகலாம். பெட்டிக்கு ஒன்றும் ஆகாது; ஆனால் அண்ணன் பதினைந்து வருடங்களுக்கு முன் சேமித்து வைத்த ஆட்டங்கள் போய்விடும்! முதலில் அவற்றைப் பென் டிரைவுக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். 'யூலாஞ்ச் எல்ஃப்' என்ற ஹோம்ப்ரூ புரோகிராம் இதற்கென்றே இருக்கிறது. மழையும் இடியுமாக, மின்சாரம் வந்து வந்து போகும் மாலை நேரத்தில் இந்த வேலை வேண்டாம்.

இரண்டாவது காரியம், எனக்கு மிகவும் பிடித்தது, நீங்களே புரோகிராம் எழுதுவது. பள்ளியில் சி++ படிக்கிறவர்களுக்கு இது எட்டாத கனி அல்ல. ஆர்வலர்கள் சேர்ந்து உருவாக்கிய 'பிஎஸ்2 எஸ்.டி.கே.' என்ற கருவித்தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. சி மொழியில் உங்கள் கணிப்பொறியில் எழுதினால், பிளேஸ்டேஷன் செயலிக்குப் புரியும் ஆணைகளாக அது மாற்றித் தரும். வரும் கோப்பைப் பென் டிரைவில் போட்டு, யூலாஞ்ச் எல்ஃப் வழியே திறக்க வேண்டியதுதான். முதல் நாள் உங்கள் பெயரைத் திரையில் காட்டுங்கள். அடுத்து, கைப்பிடியை அழுத்தினால் நகரும் ஒரு சதுரம்.

பிறகு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையான பால் முறையில் நொடிக்கு 50 முறை திரை புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் புதுப் படம் தர வேண்டுமானால் உங்களுக்குக் கிடைப்பது 1/50 நொடி. அதற்குள் செயலி துடிப்பது சுமார் 59 லட்சம் முறை. திரையில் ஒரு பந்தை நகர்த்த, சுவரில் மோதுகிறதா என்று பார்க்க, மோதினால் திருப்பிவிட, 200 துடிப்புகள் ஆவதாக வைத்துக்கொள்ளுங்கள். படம் வரையும் வேலையைத் தனிச் சில்லு பார்த்துக்கொள்ளட்டும். எத்தனை பந்துகளைத் திரையில் துள்ள விடலாம்? ஒவ்வொரு பந்தும் மற்ற எல்லாப் பந்துகளோடும் மோதுமா என்றும் பார்க்க வேண்டுமானால், அந்த எண்ணிக்கை எவ்வளவாகக் குறையும்?